அடைக்கலப் பொருள்

சாமான்கள் ஏற்றிய வண்டி தெருவில் நிற்கிறது. சாவி உரிமையாளரின் கைக்குப் போய்விட்டது. புது வீட்டுக்காரரோ முன்பணத்தை எதிர்பார்த்திருக்கிறார். அந்த வேளையில் பழைய வீட்டின் உரிமையாளர் சொல்கிறார்: "அடுத்தவர் குடிவரட்டும்; அவர் அட்வான்ஸ் தந்ததும் உங்களுடையதைக் கொடுத்துவிடுகிறேன்." சென்னையில் வாடகைக்குக் குடியிருந்தோர் பலர் கேட்டுப் பழகிய சொற்கள் இவை. சொன்னவர் திருடர் அல்லர், நம்மைப் போன்றவர்தாம். ஆயினும் அச்சொற்களுக்குள் ஓர் அறக்கேள்வி மறைந்திருக்கிறது: அந்தப் பணம் யாருடையது?

முன்பணம் வாடகையன்று; நன்கொடையுமன்று. வாடகை நின்றுபோனாலோ வீட்டுக்குச் சேதம் விளைந்தாலோ ஈடு செய்வதற்காக ஒருவர் மற்றவரை நம்பி ஒப்படைத்த பொருள் அது. அதனை அடைக்கலப் பொருள் எனலாம். சிலப்பதிகாரத்தில் கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி, அந்த அடைக்கலத்தைக் காக்க இயலவில்லையே என்று தீயில் புகுந்து உயிர்விடுகிறாள். அவளது முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவளது மனச்சான்றின் கூர்மையை மறத்தலாகாது.

சட்டமும் இதனை அறியும். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றது. ஆனால் பத்து மாத வாடகையைக் கேட்பதே சென்னையில் வழக்கமாயிற்று. அதற்கு மாற்றாக இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகையே வரம்பு என்கிறது. வீடு காலியான ஒரு மாதத்திற்குள், குடியிருந்தவர் தரவேண்டியதை மட்டும் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பணிக்கிறது. "அடுத்தவர் வரட்டும்" என்பதற்கு அங்கே இடமில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும், வேறு உடன்பாடு இல்லாவிடில், உரிமையாளரின் பொறுப்பே.

அப்படியிருக்க, நல்லவர்களும் இதில் தவறுவது ஏன்? பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பணம் மகளின் திருமணத்திலோ மாடி கட்டுவதிலோ செலவாகிவிடுகிறது. கையை விட்டுப் போன பணம் மனத்தில் நம்முடையதாகிவிடுகிறது. திருப்பித் தரும் நாளில், பிறர் பொருளைத் தருகிறோம் என்ற எண்ணம் எழுவதில்லை. நம் பொருளை இழக்கிறோம் என்ற வருத்தமே எழுகிறது. அவ்வருத்தம் காரணங்களைத் தேடுகிறது. சுவரில் ஓர் ஆணித் துளை, மங்கிய வர்ணம், தேய்ந்த தாழ்ப்பாள்! கழிவுக் கணக்கு நீள்கிறது. களவு இரவில் சுவரேறி வருவது மட்டுமன்று. பகலில் கணக்கெழுதியும் வரும்.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு அவ்வருவாயில் வாழும் கைம்பெண்கள் நம் பங்குகளில் இருக்கின்றனர். வாடகை பாக்கியும் மின்கட்டணமும் வைத்துவிட்டுச் சொல்லாமற் போனவர்களால் அவர்கள் பட்ட துன்பம் பெரிது. உண்மையான சேதத்திற்கு ரசீதைக் காட்டிக் கழிப்பது நீதியே. கடைசி மாதங்களின் வாடகையைத் தராமல், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் குடியிருப்போரும் உடன்பாட்டை மீறுகின்றனர். ஆனால் அவர்களுள் பலரை அப்படிச் செய்யத் தூண்டுவது, தந்த பணம் திரும்பாது என்ற அச்சமே. ஓர் அநீதி மற்றொன்றை ஈன்றெடுக்கிறது.

தாமதம் சிறு குற்றம் என்று நாம் எண்ணலாம். மாதம் 12,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத முன்பணம் 1,20,000 ரூபாய். அது வராவிடில், புது வீட்டுக்கு முன்பணம் செலுத்த அக்குடும்பம் நகையை அடகு வைக்கிறது. நம் தாமதத்திற்கு வட்டி கட்டுவது அவர்கள்தாம்.

லேவியர் நூல் இதனை வெறும் கொடுக்கல் வாங்கலாகக் கருதவில்லை. ஒப்படைத்த பொருளில் அயலாரை வஞ்சித்தவர் ஆண்டவருக்கே நம்பிக்கைத் துரோகம் செய்தவர் என்கிறது. முழுவதையும் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் தந்து, அதனோடு பலி செலுத்தப் பணிக்கிறது. பலி மட்டும் போதாது. கடனாகப் பெற்றதை வேண்டுமென்றே தம்மிடம் வைத்துக்கொள்வதை ஏழாம் கட்டளைக்கு எதிரானதாகவே 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி எண்ணுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் பெறும் மன்னிப்பும் ஈடுசெய்யும் கடமையை நீக்கிவிடுவதில்லை.

ஆகவே, வீட்டை வாடகைக்கு விடும் நாம் அந்தத் தொகையைத் தனியே வங்கியில் இட்டு வைப்போம். குடிவரும் நாளிலேயே வீட்டின் நிலையை இருவரும் எழுதிக் கையொப்பமிடுவோம். குடியிருக்கும் நாமும் ரசீது கேட்கத் தயங்க வேண்டாம். அது அவநம்பிக்கையன்று, இருவரின் மனச்சான்றுக்கும் காவல். சாவியைப் பெற்றுக்கொள்ளும் அதே நாளில் பணத்தையும் தந்துவிட முடியுமானால், குடிபோகும் குடும்பம் நம் வாசலை நிம்மதியோடு கடக்கும்.