விதி என்று எப்போது சொல்லலாம்?

தென் மாவட்டத்துக் குடும்பங்களில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, சாமி முன்னால் போட்டுவிட்டு, விவரம் அறியாத குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம், நிலம், ஊரை விட்டுக் கிளம்புவது என்று எதற்கும் பூக்கட்டிய மக்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு ரயிலேறியபோது அந்த நம்பிக்கையையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். செம்பூர் சேடா நகரில் படியேறிப் போய்க் கும்பிடும் முருகன் கோயிலுக்குத் ‘திருச்செம்பூர்’ என்றே பெயர்.

பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளிவரும் நாட்களில் தாராவியிலும் செம்பூரிலும் சாமியிடம் போகும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளை பதினொன்றில் என்ன எடுப்பது?

கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். மகாராஷ்டிரத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அறிவியல் பிரிவு கிடைத்தாலும், கணிதம் எடுப்பதா, உயிரியல் எடுப்பதா, இரண்டையும் சேர்த்துச் சுமப்பதா, உயிரியலை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரோ எலெக்ட்ரானிக்ஸோ ‘பைஃபோக்கல்’ பாடமாக எடுப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். கணிதத்தை விட்டால் பொறியியல் கதவு சாத்திக்கொள்ளும்; உயிரியலை விட்டால் மருத்துவம் போய்விடும். அடுத்தது கோச்சிங் கிளாஸ். ஜே.இ.இ.க்கா, நீட்டுக்கா, மாநிலத்தின் சி.இ.டி.க்கா? பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளை இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். தெரியாதபோது பெரியவர்கள் வாயில் வரும் சொல், “அவன் தலையில் என்ன எழுதியிருக்கோ அதுதான் நடக்கும்.”

அந்தச் சொல்லை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. எல்லாம் முன்பே நிச்சயிக்கப்பட்டவை என்று தத்துவமாகவே வாதாடியவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். உருட்டிவிட்ட நூலுருண்டை தன் நூல் தீரும்வரை அவிழ்ந்துகொண்டே போவதைப் போலத்தான் உயிர்களின் பயணமும் என்று மற்கலி கோசாலர் சொன்னதாகப் பௌத்த நூல் பதிவுசெய்கிறது. அவர் வழி வந்த ஆசீவகர்களை மணிமேகலை வஞ்சி நகரில் கேட்டறிகிறாள். நீலகேசி அவர்களோடு வாதிடுகிறாள். வள்ளுவர் அறத்துப்பாலின் கடைசி அதிகாரமான முப்பத்தெட்டாவதை ஊழுக்குக் கொடுத்து, அதை மிஞ்சும் வலிமை வேறில்லை என்கிறார். அவரே அறுபத்திரண்டாம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், சோர்வடையாமல் முயல்பவன் அந்த ஊழையே தோற்கடிப்பான் என்றும் சொல்லிவிடுகிறார். இரண்டும் ஒரே மனிதரின் வாக்கு. எதை எந்த நேரத்தில் கையில் எடுப்பது என்பதுதான் படிப்பவர் முன் நிற்கும் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் அறிவியல் வரலாற்றிலேயே இரண்டு வாழ்க்கைகள் பதில் சொல்கின்றன.

இன்றைய பதினொன்று, பன்னிரண்டின் இடத்தில் அன்று இருந்தது எஃப்.ஏ. பட்டப்படிப்புக்குள் நுழைய அதைத் தாண்டியாக வேண்டும். ஸ்ரீநிவாச ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதிலும் மனம் போகவில்லை, உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் அவரை வீழ்த்தியது. 1906-லும் 1907-லும் தேர்வு எழுதி, இரண்டு முறையும் தோற்றார். அவர் குடும்பம் நாமக்கல் நாமகிரித் தாயாரை வழிபட்ட குடும்பம். சூத்திரங்களைத் தாயாரே கனவில் காட்டுகிறாள் என்று அவர் நம்பினார். ஆனால் தோல்வியைத் தாயாரின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை அவர் மூடிவிடவில்லை. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. எஃப்.ஏ.யில் அவர் தோற்றதற்கு விதி காரணம் என்பதைவிட, ஒரே அளவுகோலால் எல்லோரையும் அளந்த பாடத்திட்டம் காரணம் என்பதே பொருந்தும். அது மனிதர்கள் வகுத்தது.

இன்னொருவர் அப்துல் கலாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து முடிக்கும் தறுவாயில்தான், தனக்கேற்றது பொறியியல் என்று அவருக்குப் புரிந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் கட்டப் பணமில்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். படிப்பு முடிந்து, விமானியாகும் கனவோடு டேராடூன் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள், எட்டு இடங்கள். அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். மனமுடைந்து ரிஷிகேஷ் சென்று கங்கையில் குளித்து, சுவாமி சிவானந்தர் ஆசிரமத்துக்கு நடந்தார். விமானப்படை உன் விதியில் இல்லை, உனக்கென்று இருப்பதைத் தேடிப் போ என்ற பொருளில் சுவாமி தேற்றி அனுப்பினார். நெல்லை வழித் தமிழரான ஒரு துறவியின் அந்தச் சொல், இமாமின் வழியில் வந்த இளைஞரை நிமிர்த்தியது. சில ஆண்டுகள் கழித்து, விக்ரம் சாராபாய் நடத்திய நேர்முகத்தில் ராக்கெட் பொறியாளராக அவர் தேர்வானது இதே பம்பாயில்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிவானந்தர் விதி என்று சொன்னது, அந்த இளைஞர் படித்து, பரீட்சை எழுதி, தோற்று வந்த பிறகு. அக்கா வளையலைக் கழற்றியபோது யாரும் விதி பேசவில்லை. முயன்று களைத்தவனுக்கு அந்தச் சொல் மருந்து. இன்னும் வாசலையே பார்க்காத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதையே சொன்னால் பூட்டு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் முதலிலேயே சொல்லப்படுகிறது என்பதுதான் வருத்தம்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு வீட்டை மனதில் கொண்டுவந்து பார்க்கலாம். சாயங்காலம் தொடங்கி கிரைண்டர் ஓடும். விடியுமுன் அடுப்பு பற்றும். வெளிச்சம் வருவதற்குள் அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நகரமெங்கும் கிளம்பியாக வேண்டும். ஒரே அறை, ஏணி வைத்து ஏறும் பலகைத் தட்டில் பிள்ளையின் புத்தகம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்கு, பதினொன்றில் வேதியியலோடு ஆங்கில வழிப் படிப்பையும் சேர்த்துப் புதிதாகப் பழக வேண்டும். ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்கா. வி.ஜே.டி.ஐ., வேதித் தொழில்நுட்ப நிறுவனமான ஐ.சி.டி., 1937-ல் தொடங்கிய ருயியா கல்லூரி, தென்னிந்தியர்கள் 1932-ல் தொடங்கிய எஸ்.ஐ.இ.எஸ். சங்கத்தின் பள்ளி எல்லாம் அங்கேதான். இத்தனை பக்கத்தில் இருந்தும் எட்டவில்லை என்றால், அந்தத் தூரத்தைத் தலையெழுத்து என்று சொல்வது நியாயமாகாது. பணம், மொழி, சொல்லித்தர ஆளில்லாமை என்று அதற்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

பணம் உள்ள வீடுகளிலும் ஓர் அறக் கேள்வி காத்திருக்கிறது. ‘இன்டகிரேட்டட்’ என்ற ஏற்பாட்டில் பிள்ளையின் பெயர் ஒரு ஜூனியர் கல்லூரியில் இருக்கும். பிள்ளை நாள் முழுக்க கோச்சிங் கிளாஸில் இருக்கும். போகாத வகுப்புக்கு வருகைப் பதிவு. இதைத் தடுக்க, அறிவியல் ஜூனியர் கல்லூரிகளில் விரல்ரேகை வருகைப் பதிவைக் கட்டாயமாக்கி மகாராஷ்டிர அரசு 2018-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. விரலால் தொட்டு, கண்ணால் பார்த்து, அளந்து தெரிந்துகொள்வதுதான் அறிவியல். பிப்பெட்டில் திரவம் ஏறி கோட்டில் நிற்கும் அந்த நொடியை ஒருமுறையும் பார்க்காமல், செய்முறை நோட்டில் மட்டும் அளவுகளை எழுதிவிட்டு அறிவியல் பட்டத்துக்குள் நுழையும் பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுத்தது பொய்தான். தேர்ச்சி கிடைத்துவிட்டது என்பதால் இது சரியாகிவிடாது.

பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, ரேங்க் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்று கோச்சிங் நிலையங்களுக்கு மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சாமியிடமும் அந்த நிச்சயத்தைக் கேட்காமல் இருப்பது நல்லது. ஹால் டிக்கெட்டை அர்ச்சனைத் தட்டில் வைப்பதில் தவறில்லை. பிள்ளையின் பயம் தணியும். இத்தனையாவது ரேங்க் வந்தால் இன்னது செய்கிறேன் என்று பேரம் பேசுவது வேறு. அதன்பிறகு மதிப்பெண் குறைந்தால், தெய்வமே தன்னைக் கைவிட்டதாகப் பிள்ளை எண்ணும். தோல்வியோடு அந்தப் பாரமும் எதற்கு?

எந்தப் படிப்பு நல்லது என்பதற்கு உரைகல் ஒன்று உண்டு: போன வழி சரியில்லையென்றால் திரும்பி வர இடமிருக்கிறதா? கலாமுக்கு இருந்தது. இன்றும் மும்பையில் அப்படி வழிகள் உண்டு, தெரிந்தவர்கள்தான் குறைவு. பி.எஸ்ஸி.க்கு ஜே.இ.இ. தேவையே இல்லை; மும்பையின் பெரும்பாலான கல்லூரிகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்தே இடம் தருகின்றன. மாநில சி.இ.டி.யில் ஏறத்தாழ எண்பது சதவீதம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. அறிவியலில் உண்மையான ஆசை உள்ள பிள்ளைக்குக் காலினாவில் மும்பைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே, அணுசக்தித் துறையோடு சேர்ந்து 2007-ல் தொடங்கிய அடிப்படை அறிவியல் மையம் இருக்கிறது. ‘நெஸ்ட்’ தேர்வு எழுதிச் சேர்ந்தால் ஐந்தாண்டில் எம்.எஸ்ஸி. செம்பூரைத் தாண்டினால் மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். நாட்டின் ஒலிம்பியாட் மாணவர்களுக்குப் பயிற்சி தரும் இடம். பதினொன்றே வேண்டாம் என்பவர்கள் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்து, பொறியியல் இரண்டாமாண்டில் நேராகச் சேரலாம். பாந்திரா கிழக்கில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, தாராவிக்குப் பக்கத்திலேயே.

உங்கள் சால் குடியிருப்பிலோ, கோயில் வரிசையிலோ, இட்லி வாங்கும் வீட்டிலோ பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால், பூக்கட்டுவதற்கு முன் இவற்றையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் காலினாவுக்கும் மான்கூர்டுக்கும் கூடவே போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.