முருகன் காப்பாத்தினான், சரி. காத்து யார் பார்க்கணும்?



போன மாசம் அப்பா அம்மாவோட காரில் பழனிக்குப் போனேன். உளுந்தூர்பேட்டை தாண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின் டயர் வெடித்தது. கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. ஆனால் அந்த நேரத்தில் ஓங்கி மிதித்தால் வண்டி சுழன்றுவிடும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கி நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தேன். வேகம் குறைந்ததும் ஹசார்டு லைட் போட்டு இடது ஓரம் ஒதுக்கினேன். இரண்டு பேரையும் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வைத்தேன்.

"முருகன் காப்பாத்திட்டான்பா" என்றார் அம்மா. எனக்கு மனசு உறுத்தியது. கிளம்பும்போது அப்பா, "காத்து பார்த்தியா?" என்று கேட்டிருந்தார். பார்க்காமலே "பார்த்துட்டேன்" என்று சொல்லியிருந்தேன். காற்று குறைந்த டயர் ஓட ஓடச் சூடேறி வெடிக்கும். இன்ஜினியரிங் படித்த எனக்குத் தெரியாததா?

அவன்தான் காப்பாற்றினான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் என் பொய்யை ஒளிக்கலாமா? மலையேறும் முன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "இனிமே பார்த்துடுப்பா" என்றார், அவ்வளவுதான்.

நீங்களும் கிளம்பும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போதே காற்று பார்த்துடுங்க. ஸ்டெப்னியிலும்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!