சும்மா நடக்கும் உரிமை

சில வருசங்களுக்கு முன் ஒரு மே மாதம். ஏரலில் எங்கள் தெருப் பையன்கள் மணிமுத்தாறு அருவிக்கும் அதற்கு மேலே மாஞ்சோலைக்கும் போகலாமென்று வேன் பேசினார்கள். கல்லூரி லீவு. செல்போனில் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளைப் பார்த்துக் கிளம்பிய ஆசை அது. அங்கே கோடை வந்தால் ஜனங்கள் முதுகில் ஒரு பையும் கையில் ஒரு கம்புமாய் நாள் முழுக்க மலையில் நடக்கிறார்கள். சுமை இறக்கவோ விறகு பொறுக்கவோ போகவில்லை. சும்மா நடக்கிறார்கள்.

அத்தையையும் கூப்பிட்டோம். அத்தை முப்பது வருசம் மேற்கு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். எந்த எஸ்டேட் என்பது இங்கே முக்கியமில்லை.

"சும்மா நடக்கவால அம்புட்டுத் தூரம் போறிய? முப்பது வருசம் அந்த மலையில நடந்துருக்கேன். ஒருநாளும் மலையப் பாத்ததில்ல. கொழுந்தத்தான் பாத்தேன்" என்றாள்.

இந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஒரு தோழரிடம் சொன்னேன். "மலையேத்தம், உல்லாசப் பயணமெல்லாம் வயிறு நெறஞ்சவன் பொழுதுபோக்கு. நமக்கெதுக்கு அது?" என்றார். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. உல்லாசம் குற்றமா, அல்லது அது சிலருக்கு மட்டும் இருப்பது குற்றமா?

தமிழ் எம்.ஏ. வகுப்பில் குறிஞ்சித் திணை படித்தோம். தினைப்புனத்தில் கிளி விரட்டும் பெண் அங்கே தலைவி. அவள் செய்வது காவல் வேலை. நாங்கள் படித்ததோ காதல் மட்டும். சைவ மரபில் 'சும்மா இருத்தல்' ஞானத்தின் உச்சம் என்றும் படித்தோம். அதே சொல் எங்கள் தெருவுக்குள் வந்தால் வேறாகிவிடுகிறது. எங்கள் பையன் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டில் நின்றால், "சும்மா எதுக்குல நிக்க?" என்று அதட்டல் வருகிறது. சாமியார் சும்மா இருந்தால் ஞானம். பண்ணையார் சும்மா இருந்தால் ஓய்வு. சேரிக்காரன் சும்மா இருந்தால் சோம்பேறித்தனம், இல்லாவிட்டால் சந்தேகக் கேஸ்.

நடப்பதும் அப்படித்தான். செருப்புப் போட்டு ஊர்த் தெருவில் நடக்க விடாத நாடு இது. 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுப்பாதையில் போனதே ஒரு போராட்டமாக இருந்தது. பாதை யாருடையது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

மலைக்கு உல்லாசம் தேடிப் போகும் பழக்கம் வெள்ளைக்காரர்களால் பரவியது. 1857இல் லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கினார்கள். இங்கே வெயில் தாங்காமல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினார்கள். ஏறினார்கள் என்றா சொல்வது? 1914இல் மலைச்சாலை போட்டு முடிக்கும்வரை கொடைக்கானலுக்குப் பலரை டோலியிலும் நாற்காலியிலும் வைத்துக் கூலியாட்கள் தூக்கிப் போனார்கள். அந்தப் பாதைக்குப் பெயரே கூலி காட். மேலே உட்கார்ந்தவர் இயற்கைக் காட்சி பார்த்தார். கீழே தோள் கொடுத்தவர் அடுத்த அடி வைக்கும் கல்லைப் பார்த்தார். அத்தை கொழுந்தைப் பார்த்த மாதிரி.

ஆனால் இங்கிலாந்திலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கூட்டமாகப் போய், பிரபுக்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் தடையை மீறி நடந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறை. சும்மா நடப்பதற்காக ஜெயிலுக்குப் போனவர்கள் அவர்கள். 1936இல் பிரான்சில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வருசத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு வாங்கினார்கள். ஆல்ப்ஸ் மலையில் இன்று ஒரு தொழிலாளி பை மாட்டி நடக்கிறான் என்றால் அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சண்டைகள் இருக்கின்றன.

அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பார்த்தார். மனிதனுக்கும் மிருகத்துக்கும் உள்ள வித்தியாசம் பண்பாடு, பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும், அந்த ஓய்வை எந்திரமும் நவீன வாழ்வும்தான் எல்லாருக்கும் தர முடியும் என்று 1945இல் காந்தியத்தை மறுத்து எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அவர். அந்தக் காலத்தில்தான் ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுப்பும், வாரம் 48 மணி நேர வேலையும் சட்டமாயின. ஓய்வை அவர் உரிமையாகவே கேட்டார்.

தேயிலைத் தோட்டத்துக்கு 1951இல் தனிச் சட்டம் வந்தது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு. அந்த ஒரு நாளிலும் அத்தைக்குத் துணி துவைப்பும் விறகும்தான். ஓய்வு சட்டத்தில் இருந்தால் போதாது. அதை அனுபவிக்கக் கூலி வேண்டும், வீட்டில் வேலையைப் பகிர ஆள் வேண்டும்.

மாஞ்சோலையில் அந்தக் கூலியைக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். பெரும்பாலும் தலித்துகள். போலீஸ் தடியடியில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்த ஆறுதான் ஏரலுக்கும் வருகிறது. அதில்தான் நாங்கள் குளிக்கிறோம்.

சிங்கம்பட்டி ஜமீனிடம் கம்பெனி வாங்கிய 99 வருசக் குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளரை இறங்கச் சொன்னார்கள். நான்கு தலைமுறை உழைத்தவர்களுக்கு அங்கே கிடைத்த ஒரே 'ஓய்வு' அதுதான். காடு பிழைக்க வேண்டும், புலி பிழைக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதைகளை நடந்து நடந்து உண்டாக்கியவர்கள் அந்த மலையில் அந்நியர் ஆகிவிட்டார்கள். இனி அங்கே போக வேண்டுமென்றால் அவர்களும் செக்போஸ்டில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

அன்று கடைசியில் அத்தையும் வந்தாள். அருவிப் பக்கம் ஒரு பாறையில் உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப என்னல செய்யணும்?" என்றாள்.

"ஒண்ணும் செய்யாண்டாம் அத்தை. சும்மா இருங்க."

இருக்க முடியவில்லை அவளால். யாரோ தின்றுவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் தட்டுகளைப் பொறுக்கிக் குவிக்க ஆரம்பித்தாள். ஒரு பையன் ஓடிப்போய் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து மலையைப் பார்த்தாள்.

நிலம், கூலி, கல்வி என்று நாம் எழுதும் கோரிக்கைப் பட்டியலில் அந்தப் பார்வைக்கும் ஒரு வரி வேண்டும், தோழர்களே.