வன்மையும் பயிற்சியும்

வலிமை நன்றோ தீதோ என்று வினவுவோர் பலர். வலிமையை எவ்வாறு பழகுவது என்று வினவுவோர் சிலரே. முன்னைய வினாவிற்கு நீதிநூலோரும் சமயத்தோரும் நாள்தோறும் விடை பகர்ந்து வருகின்றனர். பின்னைய வினாவோ நம் வீட்டிலும் பள்ளியிலும் வேலைத்தலத்திலும் ஓயாது எழுந்து, விடை பெறாமலேயே அடங்கிவிடுகிறது. வலியதொன்றைக் கற்க விழைபவன் முதல் நாளிலேயே அதன் முழு வேகத்தையும் தாங்கியாக வேண்டுமா? அன்றி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு கற்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகுமா? இதனை ஆராய நாம் எடுத்துக்கொள்ளும் சான்று நேயர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். அமெரிக்க நாட்டில் பெருந்துப்பாக்கி உடையோர் பயிற்சிக்கென்று மென்மையான தோட்டாக்களைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் வழக்கமே அச்சான்றாகும்.

துப்பாக்கியைப் பற்றி இங்கு எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதித்துள்ளன. அவ்வாறு விதித்தது நன்மைக்கே என்பது நம் கருத்து. உயிரைப் போக்கும் கருவியைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும், தவறினால் கையோ கண்ணோ போய்விடும் தொழிலில் பயிற்சியின் உண்மை ஒளிவு மறைவின்றி வெளிப்படும். ஏட்டில் பிழை செய்தவன் பூசி மெழுகலாம். வெடிமருந்தில் பிழை செய்தவன் மெழுக முடியாது. அதனாலேயே இச்சான்றை நாடினோம்.

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம். 'மாக்னம்' என்பது பெரியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இருமடங்கு கொள்ளும் மதுப்புட்டிக்கும் அதுவே பெயர். மனிதன் அளவு மீறுவதைப் பெருமையாகக் கொண்டாடும் இடமெல்லாம் இச்சொல் வந்து நிற்கிறது போலும்! ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் 1935ஆம் ஆண்டில் 357 மாக்னம் என்னும் ரிவால்வரை வெளியிட்டனர். அதனினும் வலியது வேண்டும் என்று பல்லாண்டுகள் எழுதியும் வாதாடியும் வந்தவர், ஐடஹோ மாநிலத்தில் மாட்டுப்பண்ணை நடத்திய எல்மர் கீத் என்பார் (1899-1984). 1907ஆம் ஆண்டில் தோன்றிய 44 ஸ்பெஷல் என்னும் பழைய தோட்டாவில் அவர் தாமே மிகுதியாக மருந்து செறித்துச் சுட்டுப் பார்த்தார். அவர் கோரிக்கையின் பயனாக 1955ஆம் ஆண்டின் இறுதியில் 44 மாக்னம் பிறந்தது. அதன் கூடு பழைய கூட்டினும் ஏறக்குறைய அரைக்கால் அங்குலம் நீளம் மிக்கது. பழைய துப்பாக்கியில் தவறியும் நுழைந்துவிடாதிருத்தற்பொருட்டு அவ்வாறு அமைத்தனர்.

இவ்விரண்டிலும் குண்டின் எடை கிட்டத்தட்ட ஒன்றே. 240 கிரெய்ன் என்பர். 7000 கிரெய்ன் ஒரு ராத்தல் ஆதலின், இஃது அரை அவுன்சுக்குச் சற்று மிகுதி. பழைய தோட்டாவில் அக்குண்டு நொடிக்கு ஏறக்குறைய 750 அடி செல்லும். மாக்னத்திலோ ஏறக்குறைய 1350 அடி செல்லும். வேகம் இருமடங்குகூட ஆகவில்லை. ஆயினும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், அது மும்மடங்கிற்கும் மேலாயிற்று. முன்னே பாயும் வேகத்திற்கேற்பப் பின்னே உதைக்கும் உதைப்பும் பெருகிற்று. புதிதாக வாங்கியவர் பலர் ஆறு முறை சுட்டுவிட்டு, 50 தோட்டாக்கள் கொண்ட பெட்டியில் மீந்த 44 தோட்டாக்களோடு துப்பாக்கியை விலைக்கு விட்டனர் என்று அந்நாட்டார் வேடிக்கையாகக் கதை சொல்வதுண்டு. வலிமையை விலைக்கு வாங்குதல் எளிது. அதனோடு வாழ்தல் அரிது.

அந்த ஆறு வெடியில் நேர்ந்தது யாது? கை வலித்தது என்பது சிறிய செய்தி. வலி மாலையில் தீர்ந்துவிடும். தீராத தீங்கு வேறொன்று உளது. அடுத்த உதைப்பை எதிர்பார்த்து உடம்பு முன்னதாகவே நடுங்கக் கற்றுக்கொள்கிறது. விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் கண் இமைக்கிறது, மணிக்கட்டு இறுகுகிறது, துப்பாக்கியின் முனை கீழே தாழ்கிறது. குண்டு புறப்படுமுன்பே இலக்குத் தவறிவிடுகிறது. இதில் வியப்பு என்னவெனில், சுடுபவன் தன் நடுக்கத்தை அறியமாட்டான். வெடியோசையும் உதைப்பும் அதனை மூடிவிடுகின்றன. 'நான் அஞ்சவில்லை, துப்பாக்கியில்தான் குறை' என்று அவன் மனமாரச் சொல்வான்.

இப்பொய்யை வெளிப்படுத்த அவர்கள் ஓர் உபாயம் கையாளுகின்றனர். துணைவன் ஒருவன் ரிவால்வரின் அறைகள் சிலவற்றில் மெய்த்தோட்டாவையும் சிலவற்றில் வெற்றுக்கூட்டையும் கலந்து இட்டுக் கொடுப்பான். எது எங்கே உளது என்று சுடுபவனுக்குத் தெரியாது. விசையை இழுக்கிறான், சுத்தியல் வெற்றுக்கூட்டின்மேல் 'டிக்' என்று விழுகிறது. வெடி இல்லை, ஓசை இல்லை, உதைப்பும் இல்லை. ஆயினும் துப்பாக்கியின் முனை தலைகுனிகிறது! தன் அச்சத்தை அவன் அப்பொழுதுதான் முதன்முறையாகக் காண்கிறான்.

இந்நோய்க்கு மருந்து யாது? தமிழில் வெடிக்கும் தூளுக்கும் நோய் தீர்க்கும் பொருளுக்கும் 'மருந்து' என்னும் ஒரு சொல்லே வழங்குவது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இரண்டிற்கும் உயிர்நாடி அளவுதான். அளவைக் குறைத்த தோட்டாவே இங்கு மருந்தாகிறது. சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கித் துப்புரவு செய்கின்றனர். எஃகு அச்சில் செலுத்திப் பழைய உருவிற்குக் கொணர்கின்றனர். அடியிலுள்ள எரிந்த பிரைமரை நீக்கிப் புதியதைப் பதிக்கின்றனர். மருந்தை நிறுத்து இடுகின்றனர். வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து வார்த்த காரீயக் குண்டை மேலே பொருத்தி வாயை இறுக்குகின்றனர். இவ்வாறு செய்த தோட்டா வேகத்தில் பழைய 44 ஸ்பெஷலை ஒத்திருக்கும்; செலவும் குறையும். ஒருவன் ஒரு பிற்பகலில் நூறு முறை நடுங்காது சுடலாம். நூறு முறை நடுங்காத கை, நடுங்காமையைப் பழக்கமாகக் கொள்கிறது.

இதற்கு ரிவால்வரே ஏற்றது. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிக்கு முந்திய வெடியின் வேகம் வேண்டும். மருந்து மிகக் குறைந்தால் அது இடையில் நின்றுவிடும். ரிவால்வரின் உருளையோ வெடியின் தயவால் சுழல்வதன்று; மனிதனுடைய விரலால் சுழல்வது. ஆதலால் மெல்லியதையும் வலியதையும் அது ஒருங்கே ஏற்கும். 1973ஆம் ஆண்டில் வெளிவந்த 'மாக்னம் ஃபோர்ஸ்' என்னும் திரைப்படத்தில், மாக்னம் துப்பாக்கியாலேயே பெயர் பெற்ற அக்கதைத் தலைவன், தான் இடுவது மென்தோட்டாவே என்று கூறுகிறான். பெருந்துப்பாக்கியைக் கண்டு மயங்கிய இளைஞருள் எத்துணைப் பேர் அச்சொல்லைச் செவியில் வாங்கினரோ!

இனி, மென்மை என்பதைச் சோம்பல் என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மென்தோட்டா செய்வதில்தான் பேரிடர் ஒளிந்திருக்கிறது. முழு அளவுத் தோட்டாவில் மருந்து கூட்டைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். மறதியால் இருமுறை இட்டால் வழிந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும். மென்தோட்டாவிலோ சிறிதளவு மருந்து பெரிய கூட்டின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். இருமுறை இட்டாலும் மேலே இடமிருக்கும். குண்டு அமைதியாக அமர்ந்துகொள்ளும். அதைச் சுடுபவன் கையில் துப்பாக்கியே வெடித்துவிடலாம். மருந்து அறவே குறைந்தாலும் கேடுதான். குண்டு குழலின் நடுவே தங்கிவிடும். ஓசை சற்றுக் குறைவாகக் கேட்கும். அதைப் பொருட்படுத்தாது அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். மேலும், எல்லாத் தூளும் குறைத்தற்கு ஏற்றதன்று. மெதுவாக எரியும் சில வகைகளைக் குறைக்கவே கூடாதென்று செய்தவர்களே எச்சரித்திருக்கின்றனர். ஆகவே அறிந்தோர் அச்சிட்ட அட்டவணையை விட்டு அணுவளவும் விலகார். கூடுகளை மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, விளக்கின்கீழ் ஒவ்வொன்றாக உள்ளே நோக்கிய பின்னரே குண்டைப் பொருத்துவர்.

இஃது ஆசிரியராய் அமைந்தோர் யாவரும் கருதத்தக்கது. கடுமையாய்க் கற்பிப்பவனது பிழை வழிந்து வெளியே தெரியும். மென்மையாய்க் கற்பிப்பவனது பிழை உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். ஆதலால் மென்மையை மேற்கொண்டவனுக்கே விழிப்பு மிகுதியாக வேண்டும்.

இவ்விடத்தில் வலுவான மறுப்பொன்று எழுகிறது. மென்மையிலேயே பழகியவன் மெய்யான வன்மை வரும்போது என் செய்வான்? 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் கலிபோர்னியா மாநிலத்தின் நியூஹால் அருகே நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சில நிமிடங்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் பயிற்சிக்கு மெல்லிய 38 தோட்டாவும், பணியில் சிலர் கையில் 357 மாக்னமும் இருந்தன. அம்மரணங்களுக்கு அதுவே காரணம் என்பது பொருந்தாது, காரணங்கள் பல. ஆயினும் பயிற்சிக்கு ஒன்று, பணிக்கு மற்றொன்று என்னும் முறை அதன்பின் கடுங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. கண்டனம் நியாயமே. மென்தோட்டாவும் முழுத்தோட்டாவும் இலக்கில் ஒரே இடத்தில் படுவதில்லை. குட்டையான பழைய கூட்டையே ஓயாது சுட்டுவந்தால், அதற்கப்பால் அறையினுள் கரிவளையம் படிந்து, நீண்ட மாக்னம் கூடு சிக்கிக்கொள்ளவும் கூடும். ஆதலால் தேர்ந்தவர், மாக்னத்தின் நீண்ட கூட்டிலேயே மருந்தை மட்டும் குறைத்து இடுகின்றனர். நூறு மென்தோட்டா சுட்ட பின், முழுத்தோட்டா சிலவற்றையும் சுட்டே அன்றைய பயிற்சியை முடிக்கின்றனர். உருவம் மாறுவதில்லை, வேகம் மட்டுமே படிப்படியாய் ஏறுகிறது. மென்மையை வீடென்று எண்ணித் தங்கியவன் கெடுகிறான். படியென்று எண்ணி ஏறியவன் உய்கிறான்.

இதனை நாம் நூலில் மட்டும் கற்றோமில்லை. பிழை செய்தும் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணிபுரிந்த தோட்டத்து அலுவலகத்தில் சின்னக் கிராணியாக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். 'தண்ணீரில் தள்ளினால் நீந்தக் கற்பான்' என்று கருதி, சேர்ந்த இரண்டாம் மாதமே சம்பளத்திற்கு முதல்நாள் ஒரு பிரிவின் செக்ரோல் முழுவதையும் அவர் தலையில் கட்டினோம். ஒரு பத்தியில் கூட்டல் தவறிற்று. சம்பளத்திற்குக் காத்து நின்றோர் அனைவரும் கேட்க அவரைக் கடிந்தோம். அதன்பின் அவர் ஏட்டில் பிழை பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. இவருக்குக் கணக்கு வாராது என்றே முடிவு கட்டினோம்.

ஒரு முறை காய்ச்சலால் நாம் நான்கு நாள் விடுப்பில் இருக்க நேர்ந்தது. திரும்பி வந்து ஏட்டைப் பார்த்தோம். அந்த நான்கு நாள் பக்கங்களில் ஒரு பிழையும் இல்லை! வெற்றுக்கூட்டின்மேல் சுத்தியல் விழுந்த ஓசை அன்று எமக்குக் கேட்டது. அவரிடம் கணக்கு இருந்தது. எம் செருப்போசை கேட்டதும் அது கலைந்தது. எம் பிழை விளங்கிற்று. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு எமக்கு வரவில்லை. அடுத்த மாதம், "போய் வருகிறேன், ஐயா" என்று அவர் விடைபெற்றபோதும் வாளா இருந்தோம். இளமையில் ஆங்கிலப் பள்ளியில் பிரம்பைக் கண்டு நடுங்கியவர்களே நாமும். அந்நடுக்கத்தை மறந்து, பிரம்பை மட்டும் நினைவில் வைத்திருந்தோம்.

அவருக்குப் பின் வந்தவர்க்கு முதலில் ஒரு பக்கத்தைக் கொடுத்தோம். அதே செக்ரோல், அதே பத்திகள், ஆனால் அவசரம் இல்லாத நாள். பிறகு ஒரு பிரிவு. அதன்பின் சம்பள முதல்நாள் வேலை முழுவதும். ஒவ்வொரு படியிலும் அருகிருந்து உள்ளே நோக்கினோம். இது முன்னதினும் எமக்கு உழைப்பு மிக்கதாயிருந்தது என்பதையும் மறைக்கவில்லை. கடிந்துகொள்வது எளிது, விளக்கின்கீழ் ஒவ்வொரு கூடாகப் பார்ப்பதே கடினம்.

பெற்றோரே, ஆசிரியரே, இளைஞரைக் கீழ்ப்பணியில் கொண்டோரே! 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியை இன்னும் எத்துணைக் காலம் மக்கள்மேல் ஏற்றிச் சொல்லப் போகிறோம்? பிள்ளை தவறு செய்யும்போது அஃது அறியாமையால் நேர்ந்ததா, நம்மை அஞ்சியதால் நேர்ந்ததா என்று ஒரு கணம் நின்று கேளுங்கள். நாம் இல்லாத இடத்தில் அப்பிள்ளை எவ்வாறு நடக்கிறது என்று பாருங்கள். மருந்தின் அளவைக் குறையுங்கள். ஆனால் குறைத்துவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். ஏற்ற காலத்தில் முழு அளவையும் அவர் கையில் நம்பிக் கொடுக்கவும் தயங்காதீர்கள். வன்மையைக் கண்டு நடுங்காத கைகளே நம் சமூகத்திற்கு வேண்டும். அவற்றை நடுங்க வைத்து உண்டாக்க எவராலும் இயலாது.