வாடகை வீட்டில் இருப்பவர் பயணியா, ஊராரா?

கடல் கடந்து போய்ப் பிழைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற ஊர்களிலிருந்து நம் முன்னோர் பாய்மரக் கப்பலேறிப் போனார்கள். பினாங்கில் 1801-ஆம் ஆண்டளவில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர்கள் போன இடத்தில் வேரூன்றினார்கள் என்பதற்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. இப்பொழுது வேறொரு வகைப் பயணத்தைக் காண்கிறோம். சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர்கள், சந்தடியில்லாத ஒரு கடற்கரை ஊரில் வீடு பிடித்துச் சில ஆண்டுகள் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்று எண்ணுகிறார்கள். மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள திரெங்கானு மாநிலம் இவர்களில் சிலருக்குப் பிடித்துப் போகிறது. தென்னை நிழல், நீண்ட மணற்கரை, வேளை தவறாத பாங்கோசை. ஹலாலான உணவுக்கு அலைய வேண்டியதில்லை. கோலாத் திரெங்கானுவுக்குத் தெற்கே மாராங் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. காப்பாஸ் தீவுக்குப் படகேறுமிடம் அதுதான். அப்படிப்பட்ட ஊரில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் குடியேறுகிற ஒருவர் நம்மிடம் கேட்கக்கூடிய கேள்வி இது: “மாதம் பிறந்ததும் வாடகையைக் கொடுத்துவிடுகிறேன். என் சொந்த ஊர் இதுவல்ல. இந்த ஊருக்கு இதற்குமேல் நான் கடமைப்பட்டவனா?”

இப்படிக் கேட்பவர்களில் மார்க்கம் அறிந்தவர்களும் இருக்கிறார்கள். இவ்வுலகில் ஓர் அந்நியனைப் போலவும் வழிப்போக்கனைப் போலவும் இருக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பற்றிச் சொன்ன ஹதீஸை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். “உலகமே வாடகை வீடு, அதில் இந்த ஊர் என்ன, அந்த ஊர் என்ன?” என்பார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உபதேசம் நம் ஆசைகளைக் குறைத்துக்கொள்ளச் சொன்னது. அண்டை வீட்டாரின் ஹக்கைக் குறைத்துக்கொள்ள அதில் இடமில்லை. உள்ளத்தில் வழிப்போக்கனாக இருக்க வேண்டியவர், ஊர்க் கடமை வரும்போது மட்டும் வழிப்போக்கராகி விடுவது என்ன நியாயம்?

யார் பயணி என்பதை ஷரீஅத் நம் மனப்போக்குக்கு விட்டுவிடவில்லை. ஓரிடத்தில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்குவதாக நிய்யத் வைத்தால் பயணம் முடிந்துவிட்டது என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபீ மத்ஹபில் அது பதினைந்து நாட்கள். அதற்குமேல் கஸ்ரு இல்லை. நான்கு ரக்அத்தையும் நிறைவாகத் தொழ வேண்டியதுதான். ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிக்கிற ஜம்வும் அத்துடன் போய்விடும். மக்கா வெற்றியின்போது நாயகம் (ஸல்) அவர்கள் பத்தொன்பது நாட்கள் அங்கே தங்கிக் கஸ்ராகவே தொழுதார்களே, இப்னு உமர் (ரலி) அவர்கள் அஜர்பைஜானில் பனியில் அகப்பட்டு ஆறு மாதம் கஸ்ராகத் தொழுததாக ரிவாயத்து வருகிறதே என்று கேட்கலாம். அவையெல்லாம் இன்று புறப்படுவோமா, நாளை புறப்படுவோமா என்று காத்திருந்த நிலையைப் பற்றியவை என்றே இமாம்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். இரண்டாண்டுக்குக் கையொப்பமிட்டு, முத்திரைத் தீர்வையும் கட்டி, சமையலறைக்குக் குளிர்பெட்டியும் வாங்கி வைத்தவருக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை. அவர் முகீம். அவர் மனம் ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாலும் அவர் முகீம்தான்.

இங்கே ஷாஃபிஈ பிக்ஹு நூல்களில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊருக்கு வந்தவரை அவை மூன்று தரமாகப் பிரிக்கின்றன. பயணியான முஸாபிருக்கு ஜும்ஆ கடமையில்லை. ஊரையே தம் வதனாகக் கொண்ட முஸ்தவ்தினுக்கு அது கடமை. ஜும்ஆ நிறைவேறத் தேவையான நாற்பது பேரில் அவர் ஒருவராக எண்ணப்படுவார். இவ்விருவருக்கும் நடுவே நிற்பவர்தான் நம் வாடகை வீட்டுக்காரர். தங்கியிருக்கிறார், ஆனால் என்றேனும் திரும்பிப் போகும் எண்ணத்துடன் தங்கியிருக்கிறார். அவர்மீது ஜும்ஆ கடமை. ஆனால் நாற்பதில் அவர் எண்ணப்படமாட்டார்.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். முப்பத்தொன்பது ஊர்வாசிகளும் இவரும் கூடி நின்றால் அது நாற்பதாகாது. ஆனாலும் இவர் வராமலிருந்தால் இவர் குற்றவாளி. உலக வழக்கில் நாம் இதைத் தலைகீழாகவே பேசிப் பழகியிருக்கிறோம். “என்னை ஊராராக மதிக்கட்டும், பிறகு ஊருக்குச் செய்கிறேன்; சங்கத்தில் எனக்கு ஓட்டு இருக்கட்டும், பிறகு சந்தா தருகிறேன்” என்போம். மார்க்கமோ உரிமையில் ஓரிடம் குறைத்து வைத்துவிட்டு, கடமையை முழுதாகக் கொடுக்கிறது. குடியுரிமை இல்லாத, ஊர்க்கூட்டத்தில் குரல் இல்லாத அந்நிய வாடகைதாரரின் நிலைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறெங்கும் கிடைக்குமென்று நமக்குத் தோன்றவில்லை. ஹனஃபீ மத்ஹபில் இந்த நாற்பது கணக்கு இல்லை என்பதும், அங்கே தங்குமிடத்தை வதனே இகாமத் என்று தனியே பிரித்து, பயணம் புறப்பட்டால் அது கலைந்துவிடும் என்று சொல்வதும் வேறு செய்தி.

திரெங்கானுவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறன்று கடைகளும் அலுவலகங்களும் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமைப் பகலில் ஜும்ஆவை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அங்கே சாக்கே கிடையாது.

இனி வீட்டுக்கு வருவோம். அந்நிய நாட்டில் ஒப்பந்தம் பேசித் தங்கிய ஒரு நபியின் வரலாற்றைத் திருமறை நமக்குச் சொல்கிறது. மத்யனில் மூஸா (அலை) அவர்கள் எட்டாண்டு வேலை செய்வதென்றும், விரும்பினால் பத்தாக நிறைவு செய்யலாமென்றும் பேசிக்கொண்டார்கள். தவணை இன்னது, கட்டாயம் இவ்வளவு, விருப்பம் இவ்வளவு என்று இரு தரப்புக்கும் தெளிவாயிற்று, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். அவர்கள் நீண்ட தவணையையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இஜாரா என்னும் வாடகைச் சட்டத்தின் உயிர்நாடியும் இதுதான்: காலமும் கூலியும் அறியப்பட்டிருக்க வேண்டும். “இருக்கும்வரை இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்னும் பேச்சு நட்புக்கு அழகாக இருக்கலாம். பின்னால் வழக்குக்கும் வித்தாகிவிடும். தீபகற்ப மலேசியாவில் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, மூன்றாண்டுக்கு மேற்பட்டால் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். எனவே நீண்ட நாள் இருக்க விரும்புவோரும் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு என்றே எழுதிப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும் ஒரு மாதத்தை முன்பணமாகவும் கேட்பது அங்கே பொது வழக்கம். வயதானவர்கள் இன்னொன்றையும் எழுதிக்கொள்வது நல்லது. தவணை முடியுமுன் ஒருவர் மௌத்தாகிவிட்டால் ஹனஃபீ மத்ஹபில் ஒப்பந்தம் முறிகிறது; ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது, வாரிசுகள் தொடர வேண்டும். மனைவி தனியே நிற்கும்போது இதைப் பற்றிப் பேச்சு வளரக்கூடாதல்லவா?

வாடகைக்கு எடுத்த வீடு குடியிருப்பவர் கையில் அமானத். அவருடைய கவனக்குறைவோ வரம்பு மீறலோ இல்லாமல் ஏற்படும் சேதத்துக்கு அவர் பொறுப்பாளியல்லர். யார் எதைச் செய்ய வேண்டும் என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் வெகு நுட்பமாகப் பிரிக்கிறது. சாவியை ஒப்படைப்பதும், வீட்டைக் குடியிருக்கத் தக்கதாகப் பழுது பார்ப்பதும் உரிமையாளரைச் சேர்ந்தவை. கூரைமேல் விழுந்த பனியை அகற்றுவதும் அவர்மீதே. முற்றத்துப் பனியும் குப்பையும் குடியிருப்பவர்மீது! டமாஸ்கஸில் வாழ்ந்த இமாமுக்குப் பனி தெரியும். மாராங்கில் பனிக்கு எங்கே போவது? நவம்பர் முதல் ஏறத்தாழ மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும். கடல் கொந்தளிக்கும், தீவுப் படகுகள் நின்றுவிடும், மழை நாட்கணக்கில் விடாது. உப்புக்காற்றில் தகரமும் ஆணியும் துருப்பிடிக்கும். கூரை ஒழுகினால் உரிமையாளரிடம் சொல்வது நம் உரிமை. சாக்கடையில் மணல் அடைத்துக்கொண்டால் வாரி எறிவது நம் வேலை. அடைத்த நீர் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனால் அது ஒப்பந்தத்தில் இல்லாத குற்றம்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அபூ அய்யூப் அல்-அன்ஸாரீ (ரலி) அவர்களின் வீட்டில் சில மாதங்கள் தங்கினார்கள். கீழ்த்தளத்தில் நாயகம், மேல்தளத்தில் வீட்டுக்காரர். ஒருநாள் மேலே தண்ணீர்க் குடம் உடைந்துவிட, ஒரு சொட்டும் கீழே ஒழுகிவிடக் கூடாதே என்று கணவனும் மனைவியும் தாங்கள் போர்த்தும் ஒரே போர்வையால் துடைத்தெடுத்தார்கள். வீடு அவர்களுடையதுதான். வீட்டுக்காரரே அப்படியென்றால், வாடகைக்கு வந்தவர் எத்தனை பேணுதலாக இருக்க வேண்டும்! அதே மதீனாவில் பள்ளிவாசலுக்கான நிலத்தை இரு அனாதைச் சிறுவர்கள் இலவசமாகத் தர முன்வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்காமல் விலைக்கே வாங்கினார்கள். ஊர் அன்புடன் வரவேற்கிறது என்பதற்காக அதன் பொருளை மலிவாகப் பெறலாம் என்று வந்தவர் நினைப்பதற்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. அதுதான் இந்நாளில் பெரிது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இன்று மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அந்தக் காசுடன் வருபவருக்குக் கடற்கரை வீட்டு வாடகை அற்பமாகத் தோன்றும். கேட்டதைவிடக் கூடக் கொடுக்கவும் மனம் வரும். ஆனால் திருமணமாகித் தனிக்குடித்தனம் தேடும் ஒரு மீனவர் மகனுக்கு அதே தெருவில் வீடு எட்டாமல் போய்விடுகிறது. இது ஹராமா என்றால், இல்லை. விலையைக் கட்டுப்படுத்துமாறு மக்கள் வேண்டியபோதும் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. ஆனால் ஒரு சகோதரர் பேசி முடித்துக்கொண்டிருக்கும் வியாபாரத்தில் மற்றவர் புகுவதைத் தடுத்திருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் பேசி வைத்த வீட்டுக்கு நூறு ரிங்கிட் கூடுதலாக வைத்துத் தட்டிக்கொள்பவர் இந்தத் தடையை எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகைக்கு எடுத்த வீட்டை விடுமுறைக்கு வருவோர்க்கு நாள் வாடகைக்கு விட்டு லாபம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தம் அதைத் தடுத்திருந்தால் அது வாக்கு மீறல். தடுக்காவிட்டாலும், வாரந்தோறும் முகந்தெரியாத கூட்டம் வந்து போகும் வீட்டுக்கு அண்டையில் பெண்பிள்ளைகளுடன் வாழ்பவர்களை நினைக்க வேண்டும். எட்டு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடும் அண்டை அயலுக்குச் சுமைதான். விளக்கேற்ற ஆளில்லை, பாம்படைகிறது, திருடனுக்கு மறைவிடமாகிறது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி வலியுறுத்திய வேகத்தில், அவர்களுக்கு வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு இருந்தது. அந்த அண்டை வீட்டார் சொந்த வீட்டுக்காரரா, வாடகைக்காரரா என்று அங்கே பிரித்துப் பேசப்படவில்லை.

அண்டை வீட்டாரோடு பழகுவது நமக்குக் கடினமாயிராது. மலாய்க்காரர்கள் விருந்தைக் கெந்தூரி என்கிறார்கள். நம் ஊர்க் கந்தூரிதான் அது. அழைத்தால் போக வேண்டும். சூராவ் எனப்படும் சிறு தொழுகைப் பள்ளியைக் கூடித் துப்புரவு செய்வதற்குக் கோத்தோங் ரோயோங் என்று கூப்பிடுவார்கள். அதற்கும் போக வேண்டும். மொழி வராவிட்டாலும் விளக்குமாறு பிடிக்கலாம். நம்மில் ஹனஃபீயாக இருப்பவர்கள் அங்கே அஸருக்குச் சற்று முன்னதாகவே பாங்கு சொல்லப்படுவதையும் ஸுப்ஹில் குனூத் ஓதப்படுவதையும் காண்பார்கள். ஹிஜ்ரி 702 (கி.பி. 1303) என்று பொதுவாகக் கொள்ளப்படும் கல்வெட்டையுடைய முஸ்லிம் பூமி அது. நம் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

பித்ராவை ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. ரமளானின் கடைசி நாள் சூரியன் மறையும்போது ஒருவர் எங்கிருக்கிறாரோ அங்கேயே அவருடைய பித்ரா சேர வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான சட்டம். மாநில சமயக் கவுன்சில் ஒவ்வோர் ஆண்டும் அளவை ரிங்கிட்டில் அறிவிக்கும். நியமிக்கப்பட்ட ஆமில்கள் பள்ளிவாசலிலேயே பெற்றுக்கொள்வார்கள். ஊரிலுள்ள ஏழை உறவினருக்கு அனுப்ப ஸதகா இருக்கிறது. அதற்கு எல்லை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஓய்வுக்காலத்தில் வீடு பிடிப்பவர் வாடகை, காற்று, மீன், மருத்துவமனை எல்லாம் விசாரிப்பார். இங்கே மௌத்தானால் என்ன செய்வது என்று மட்டும் கேட்கமாட்டார். மய்யித்தை வேறு ஊருக்குக் கொண்டு போவது ஹராம் என்றே மின்ஹாஜ் சொல்கிறது. மக்ரூஹ் என்போரும், மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் அருகிலிருந்தால் அங்கே கொண்டு போகலாம் என்போரும் உண்டு. ஆகவே இந்த ஊர் என் ஊரல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தவரைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழவைத்து அடக்குவது அந்த ஊரார்மீது பர்ளு கிஃபாயா ஆகிவிடுகிறது. அவர் அந்த ஊருக்கு என்ன செய்தார் என்று அவர்கள் அப்பொழுது கணக்குப் பார்க்கமாட்டார்கள். மலேசியப் பள்ளிவாசல்களிலும் சூராவ்களிலும் இதற்கென்றே கைராத் கெமாத்தியான் என்ற நிதி இருக்கும். குடும்பங்கள் ஆண்டுக்கொரு சிறு சந்தா கட்டி வைப்பார்கள். வெளியூரார் சேருவதற்கான விதி இடத்துக்கு இடம் மாறும். வீட்டுச் சாவியை வாங்கும் வாரத்திலேயே சூராவ் செயலாளரைப் பார்த்துக் கேட்டு, கணவன் மனைவி இருவர் பெயரையும் பதிந்து, ஊரிலுள்ள பிள்ளைகளின் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடலாம்.