முதல் பந்து எங்கிருந்து?

கோல்ஃபில் யாரும் யாரையும் துரத்துவதில்லை, எதிராளியின் பந்தைப் பறிப்பதும் இல்லை. மூன்று மூன்று பேராகப் பிரிந்து, நான்கைந்து மைல் நடந்து, பதினெட்டுக் குழிகளையும் ஒவ்வொன்றாக ஆடி முடிக்கிறார்கள். ஒரு சுற்றுக்குப் பெரிய போட்டிகளில் நாலரை, ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆகவே போட்டி நடத்துபவருக்கு முதல் தலைவலி ஆட்டம் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது: இத்தனை பேரையும் எங்கிருந்து, எத்தனை மணிக்குக் கிளப்பிவிடுவது?

பழைய வழக்கம் ஒரே வாசல். எல்லோரும் முதல் குழியின் டீயிலிருந்தே, அதாவது முதல் அடி அடிக்கும் மேடையிலிருந்தே, புறப்பட வேண்டும். பிரிட்டனின் ஓப்பன் போட்டி இன்றும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 156 பேர், 52 குழுக்கள். காலை 6.35க்கு முதல் குழு, மாலை நான்கு மணி தாண்டிக் கடைசிக் குழு. இடைவெளி ஏறத்தாழ 11 நிமிடம். ஜூலை மாதத்து பிரிட்டனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால்தான் இந்தக் கணக்கு ஒப்பேறுகிறது.

இடைவெளியை எட்டு நிமிடமாக்கினால் நேரம் மிச்சமாகுமே என்று தோன்றும். ஆகாது. நீளமான குழிகளில் முன்னே போனவர்கள் எட்டாத தூரத்துக்கு நகர்ந்தவுடன் பின்னால் வருபவர்கள் அடிக்கலாம். மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய பார் 3 குழியில், ஒரே அடியில் குழியைச் சுற்றியுள்ள கிரீனை எட்டிவிடலாம் என்பதால், அப்படி முடியாது. முன்னவர்கள் பந்தைக் குழியில் போட்டு, கொடியை நட்டுவிட்டு விலகும்வரை காத்திருக்க வேண்டும். சுங்கச்சாவடி ஒன்றுதான் என்றால், வண்டிகளை எவ்வளவு நெருக்கி அனுப்பினாலும் வரிசைதான் நீளும். ஆரம்பத்தில் மிச்சம் பிடித்த மூன்று நிமிடம் அந்தப் பார் 3 டீயில் நின்றே கரைந்துபோகும்.

வெளிச்சம் போதாத ஊர்களில் இரண்டு வாசல் திறக்கிறார்கள். பாதிப் பேர் முதல் குழியிலிருந்து, மீதிப் பேர் பத்தாவதிலிருந்து. இதைக் கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளலாம். முதல் பந்தி காலையில் உட்காரும். அது எழுந்தபிறகே இரண்டாம் பந்திக்கு இலை. 156 பேரில் காலைக்கு 78 பேர், அதாவது 26 குழுக்கள். ஒரு வாசலுக்கு 13. ஏன் 13? ஏழு மணிக்குத் தொடங்கி 11 நிமிடத்துக்கு ஒரு குழுவாக அனுப்பினால், பதின்மூன்றாவது குழு 9.12க்குக் கிளம்பும். ஏழு மணிக்குப் போன முதல் குழுவோ, ஒன்பது குழிகளை ஆடி முடித்து, கிட்டத்தட்ட 9.15க்கு எதிர் வாசலில் வந்து நிற்கும். பதினான்காவதாக ஒரு குழுவைச் செருகினால் இரண்டும் ஒரே டீயில் முட்டிக்கொள்ளும். காலைக் குழுக்கள் எல்லாம் இப்படி வாசல் மாறிக் கடந்தபிறகே மதியக் குழுக்களுக்கு வழி. காலையில் ஒரு மணி நேரம் பனிமூட்டம் நின்றாலும் மதியப் பந்தி தள்ளிப்போய், கடைசிக் குழுக்கள் இருட்டில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மறுநாள் விடியலில் வந்து மிச்சத்தை ஆட வேண்டியதுதான். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர், 156 என்ற உச்சவரம்பை 2026 முதல் 144 ஆகக் குறைக்க முடிவெடுத்ததற்கு இந்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம். 144 என்றால் ஒரு வாசலுக்கு 12 குழுக்கள். மூச்சுவிட 11 நிமிடம் கிடைக்கிறது.

இரண்டாம் வாசலைத் திறப்பதும் எல்லா மைதானத்திலும் சுலபமல்ல. ஒன்பதாவது குழி கிளப் கட்டடத்தின் அருகே முடிந்தால் பத்தாவது டீ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஸ்காட்லாந்தின் பழைய கடற்கரை மைதானங்கள் பலவும் அப்படி அல்ல. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட்டம் கட்டடத்தை விட்டு விலகிக்கொண்டே போய், தொலைவில் திரும்பி, பிறகே வீடு நோக்கி வருகிறது. இரண்டு வாசல் வேண்டுமென்றால் பாதி ஆட்டக்காரர்களை வண்டியில் ஏற்றி எதிர்முனைக்குக் கொண்டுபோக வேண்டும். யுஎஸ் ஓப்பன் 2002இல் நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக்கில் முதல்முறையாக இரண்டு வாசல் முறைக்கு மாறியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. அங்கே பத்தாவது குழி 492 கெஜ நீளமுள்ள பார் 4. உடம்பு சூடேறும் முன்பே பாதிப் பேர் அதை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மழையில் டீயிலிருந்து அடித்த பந்து வெட்டிய புல்வரைகூடப் போய்ச் சேரவில்லை என்று புலம்பியவர்கள் பலர்.

அந்தப் போட்டியை வென்ற டைகர் உட்ஸுக்கு அடுத்த மாதமே நேரத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. முதல் இரண்டு நாள்களில் காலையும் மதியமும் மாற்றி மாற்றித் தருவதால் காற்றும் மழையும் ஓரளவு பங்கிடப்படும். சனிக்கிழமைக்கு அந்தச் சலுகை இல்லை. பின்தங்கியவர் முதலில், முன்னணியில் இருப்பவர் கடைசியில் கிளம்புவது வழக்கம். மியூர்ஃபீல்டில் நடந்த பிரிட்டன் ஓப்பனின் மூன்றாம் நாள், காலையில் போனவர்கள் நல்ல வானிலையில் ஆடி முடித்தார்கள். மதியம் கிளம்பிய உட்ஸ் புயல்மழையில் மாட்டிக்கொண்டு 81 அடித்தார். தொழில்முறை ஆட்டக்காரராக அதுவரை அவர் எடுத்ததில் மிக மோசமான எண்ணிக்கை அது.

இந்த அநியாயத்துக்கு மருந்துபோலத் தோன்றுவது ஷாட்கன் ஸ்டார்ட். ஒவ்வொரு குழியிலும் ஒரு குழுவை நிறுத்தி, ஒரே சத்தத்தில் எல்லோரையும் தொடங்கவைப்பது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா கிளப்பில் 1956இல் ஜிம் ரஸ்ஸல் என்ற பயிற்சியாளர் துப்பாக்கியால் சுட்டுத் தொடங்கிவைத்ததிலிருந்து இந்தப் பெயர் வந்ததாக கோல்ஃப் டைஜஸ்ட் இதழ் 2004இல் எழுதியது. இப்போது பெரும்பாலும் ஹாரன்தான். நான்காவது குழியில் தொடங்கியவர் மூன்றாவதில் முடிப்பார். நால்வர் குழுக்களாக 72 பேர். கூட்டம் அதிகமானால் பார் 4, பார் 5 குழிகளில் இரண்டு குழுக்களை அடுத்தடுத்து நிறுத்தலாம். பார் 3இல் கூடுமானவரை வேண்டாம். மேலே சொன்ன சுங்கச்சாவடிதான் காரணம். நாலரை மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, ஒன்றாகச் சாப்பிட்டு, பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நன்கொடை திரட்டும் ஆட்டங்களும் நிறுவனங்களின் கோல்ஃப் நாள்களும் இதை விரும்புவதில் வியப்பில்லை. விலை கொடுப்பவர்கள் அன்று ஆட வரும் மற்ற உறுப்பினர்கள். மைதானம் முழுக்கக் காலியானால்தான் ஹாரன் ஊத முடியும் என்பதால் அவர்களுக்கு அரை நாள் போய்விடும்.

லிவ் கோல்ஃப் என்ற தொழில்முறைத் தொடர் 2022 ஜூனில் லண்டன் அருகே சென்ச்சூரியன் கிளப்பில் தொடங்கியபோது, ஷாட்கன் முறையைப் பெரிய மேடைக்கே கொண்டுவந்தது. 48 பேர், எல்லோரும் ஒரே நேரத்தில். தொலைக்காட்சிக்கு வசதி, காற்றும் எல்லோருக்கும் ஒன்று. ஆனால் ஒரே காற்று என்றாலும் ஒரே குழி அல்ல. பலத்த காற்று வீசும் நேரத்தில் ஒருவர் எளிய குழியிலும் இன்னொருவர் தண்ணீர் ஓரக் குழியிலும் நிற்கிறார். அதைவிட எனக்கு உறுத்துவது கடைசி அரைமணி. முன்னணிக் குழுவை முதல் குழியில் தொடங்கவைத்துப் பதினெட்டாவதில் முடிக்கவைத்தாலும், அவர்களை நெருங்கி வருபவர் எங்கோ ஒரு மூலையில் ஐந்தாவது குழியில் ஆட்டத்தை முடித்துக்கொண்டிருப்பார். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு அவர் கண்ணிலேயே படமாட்டார்.

நெருக்கடியில் எந்த முறையும் வளையும் என்பதையும் சொல்லவேண்டும். இடி மின்னல் அச்சுறுத்தியதால் ஓப்பனே 2014இல் ஹாய்லேக்கில் மூன்றாம் நாளன்று, தன் வரலாற்றில் முதல்முறையாக, இரண்டு வாசல் திறந்தது. 2019 மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் புயல் வருமுன் முடிக்க, மூவர் குழுக்களாக இரண்டு வாசலிலிருந்தும் அனுப்பினார்கள். உட்ஸ் அன்று காலை 9.20க்குக் கிளம்பிப் பட்டம் வென்றார். அவசரத்துக்கு இது சரி. வழக்கமாகிவிடக் கூடாது.

என்னைக் கேட்டால், கிளப் ஆட்டத்துக்கு ஹாரன், பட்டத்துக்கு ஒரே வாசல். ஓப்பனின் அந்த வாசலில் நின்று பெயர்களை அறிவித்தவர் ஐவர் ராப்சன். 1975 முதல் 2015 வரை 41 ஓப்பன்கள். முதல் குழுவிலிருந்து கடைசிக் குழுவரை, சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், டீயை விட்டு நகராமல் நிற்பார். அவர் ஓய்வுபெற்றதும் அந்த வேலைக்கு இருவரைப் போட்டார்கள்.