பதிவேட்டில் இல்லாத காரணம்

மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஒரு பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்யும்போது வேலை பாதியில் சாவது இரண்டு விதமாக நடக்கும். முதல் விதத்தில் இயந்திரம் தப்பித்துக்கொள்ளும், கம்பைலர் மட்டும் விழும். 4 ஜிபி ரேம் கொடுத்துவிட்டு 8 கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யச் சொன்னால், டெம்ப்ளேட் மிகுந்த சி++ கோப்பு ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேலேயே கேட்கக்கூடும். ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னலின் ‘ஓஓஎம் கில்லர்’ விழித்து, பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் புரோகிராமைத் தேர்ந்து கொன்றுவிடும். எதைக் கொன்றது, அது எவ்வளவு ரேம் வைத்திருந்தது என்பதெல்லாம் கெர்னல் பதிவில் இருக்கும். இரண்டாவது விதத்தில் இயந்திரமே மறைந்துபோகும். மறுபடி எழுப்பி உள்ளே பதிவைத் திறந்தால், வழக்கமான வரிகள் ஓடிவந்து ஓரிடத்தில் அப்படியே நின்றிருக்கும். அடுத்த வரி, இயந்திரம் மறுபடி தொடங்கியதன் முதல் வரி. இடையில் ஒரு எச்சரிக்கைகூட இராது. தாங்கும் ஹோஸ்ட் கணினி, தன்னிடம் இருப்பதைவிட அதிக ரேமைப் பல இயந்திரங்களுக்கு வாக்களித்திருக்கும். தொடும்போதுதான் உண்மையில் கொடுக்கும். கம்பைலர் தொட்டுக்கொண்டே போகிறது. கையிருப்பு தீர்ந்ததும் ஹோஸ்ட்டின் கெர்னல் தன் ஓஓஎம் கில்லரை ஏவுகிறது. அதன் கண்ணுக்கு இந்த இயந்திரம் முழுவதும் கியூஎம்யூ என்ற ஒற்றைப் புரோகிராம்தான், அதையே கொன்றுவிடுகிறது.

சமயத் தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்று இங்கே கையில் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு அருகில் வருகிறது. ஓர் உலகத்துக்குள் நடந்ததற்கு அந்த உலகத்துக்குள் காரணம் கிடைக்கவில்லை என்றால், வெளியே ஒன்று உண்டு என்று கருதல் அளவையால், அதாவது அனுமானத்தால், முடிவு கட்டலாமா? உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, ஆகவே அதைச் செய்யும் ஒரு கருத்தா உண்டு என்று 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே நிறுவுகிறார். நியாய மரபைச் சேர்ந்த உதயனர் அதற்கு முன்பே நியாயகுசுமாஞ்சலியில் இதே திசையில் வாதிட்டிருக்கிறார். பொறியாளர் ஹோஸ்ட்டை ஊகிப்பதும் பக்தர் இறைவனை ஊகிப்பதும் ஒரே வகை அறிவு என்று தோன்றுவது இயல்பு. அவை ஒன்றல்ல என்பதும், அந்த வேறுபாடு பக்திக்கு இழப்பல்ல என்பதும் என் வாதம்.

பொறியாளரின் ஊகம் எதன்மேல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே கோப்பின் ஒரே வரியில் ஒவ்வொரு முறையும் கம்பைலர் விழுந்தால் குற்றம் நிரலிலோ கம்பைலரிலோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் விழுந்தால் ரேமையும் பிராசசரையும் சந்தேகிப்பது தொழில் வழக்கம். ஜிசிசி கம்பைலரே சில லினக்ஸ் விநியோகங்களில், விழுந்த கோப்பைத் தானாக மறுபடி ஓட்டிப் பார்த்து, பிழை திரும்ப வரவில்லை என்றால் வன்பொருளிலோ இயங்குதளத்திலோ கோளாறு இருக்கலாம் என்று அறிவிக்கும். 2017இல் ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசசர்கள் சிலவற்றில் இது பெரிய அளவில் நடந்தது. லினக்ஸில் பல கம்பைல்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் அவை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செத்தன. நிரலிலும் பிழை இல்லை, கம்பைலரிலும் இல்லை. ஏஎம்டி சிக்கலை ஒப்புக்கொண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிராசசரை மாற்றிக் கொடுத்தது. மாற்றிப் போட்டதும் சாவு நின்றது. இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். பழைய சிப் இருந்தபோது விழுந்தது, இல்லாதபோது விழவில்லை. அன்னுவயம், வெதிரேகம் என்று மணிமேகலையின் 29ஆம் காதை பிரித்துச் சொல்லும் இரண்டு பக்கமும் இங்கே கைக்குக் கிடைத்தன. ஹோஸ்ட் விஷயமும் அப்படியே. அதன் பதிவைத் திறந்து, கியூஎம்யூ கொல்லப்பட்ட வரியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மலையில் புகை கண்டு நெருப்பைக் கருதுபவன் அடுக்களையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன்.

உலகத்துக்கு அந்த அடுக்களை இல்லை. 11ஆம் நூற்றாண்டில் விக்கிரமசீலத்தைச் சேர்ந்த பௌத்தர் ரத்னகீர்த்தி, ஈசுவரனை நிறுவும் வாதத்தை மறுக்கவே ஒரு தனி நூல் எழுதினார். அவர் மரபின் மறுப்பு இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது: குடத்தையும் குயவனையும் சேர்த்துப் பார்த்ததால் குடத்திலிருந்து குயவனைக் கருதலாம், மலையையும் கடலையும் ஒருவர் செய்ததை எவரும் பார்த்ததில்லை. பௌத்தர் அப்படித்தானே சொல்வார் என்று தள்ளிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுசரும் ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்மத்தை அனுமானத்தால் நிறுவ முடியாது, சாத்திரம் ஒன்றே அதற்கு அளவை என்கிறார். உலகம் செய்யப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், எல்லாம் ஒரே காலத்தில் ஒருவரால் செய்யப்பட்டது என்று எப்படித் தெரியும் என்று அவர் கேட்கிறார். நம் மெய்நிகர் இயந்திரத்தில் அந்தக் கேள்விக்கு விடை வெட்டவெளிச்சம். அதைத் தொடங்கியது ஒரு நிர்வாகி, தாங்கியது கியூஎம்யூ, முடித்தது ஹோஸ்ட்டின் கெர்னல், அந்தக் கெர்னலை எழுதியவர்கள் ஆயிரக்கணக்கானோர். உள்ளே நின்று போன பதிவிலிருந்து இவர்களில் எவரையும், இவர்கள் எத்தனை பேர் என்பதையும், இயந்திரத்தை முடிக்கும் எண்ணம் எவருக்காவது இருந்ததா என்பதையும் எடுக்க முடியாது. ஒடுக்கியவனே தோற்றுவித்தவன் என்ற மெய்கண்டாரின் ஆழமான கூற்றை நான் மதிக்கிறேன். ஆனால் ஒடுக்கத்தை மட்டும் பார்த்து அந்த ஒருமையை எட்ட இயலாது.

அப்படியானால் காட்சியைத் தவிர எதையும் ஏற்காத பூதவாதியின் பக்கம் போய் நிற்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். காப்பியத்தில் மணிமேகலை அவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்டுவிட்டுப் போகிறாள், அந்தக் கேள்விக்கு இன்றும் பதில் இல்லை. பதிவு நின்றுபோனது காரணமற்ற நிகழ்ச்சி என்று சொல்லும் பொறியாளர் சோம்பேறி. உள்ளே சாட்சி இல்லாததால் காரணமே இல்லை என்று ஆகிவிடாது. ‘தற்செயல்’ என்று எழுதி வேலையை முடிப்பவரை நான் எந்தத் துறையிலும் நம்பமாட்டேன். கருதல் அளவை கைவிடும் இடத்தில் காரணத்தைத் தேடுவது தொடரலாம், தொடர வேண்டும். காரணத்தின் குணத்தை நிர்ணயிப்பதைத்தான் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உள்ளேயிருக்கும் இயந்திரத்துக்கு வெளியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது சரியல்ல. லினக்ஸில் ‘ஸ்டீல் டைம்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது: இயந்திரம் ஓடத் தயாராக இருந்தும், ஹோஸ்ட் பிராசசரை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டதால் காத்திருந்த நேரம். டாப் கட்டளையின் திரையில் அந்த எண்ணை உள்ளிருந்தே பார்க்கலாம். வெளியைப் பற்றிய அறிவு உள்ளேயே கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது, ஆனால் கருதலால் அல்ல. லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் உள்ளேயிருக்கும் கெர்னல் தன் ரேமில் ஒரு சிறு இடத்தை ஒதுக்கி அதன் முகவரியை ஹோஸ்ட்டுக்குச் சொல்கிறது, ஹோஸ்ட் அந்த இடத்தில் எண்ணை எழுதிவைக்கிறது. உள்ளே படிக்கப்படுவது வெளியிலிருந்து சொல்லப்பட்ட சொல். நம் மரபு இதை உரை அளவை என்கிறது. ராமாநுசர் சாத்திரத்தில் நாடியது இந்த வகை அறிவைத்தான். சைவ சித்தாந்தமும் அருணந்தியின் சிவஞான சித்தியாரில் காட்சி, கருதலோடு உரையையும் அளவையாக வைத்திருக்கிறது.

ஆகவே வாதம் நடக்க வேண்டிய இடம் உரைக்கு மாறுகிறது. எழுதப்பட்ட எண் உண்மையா என்று உள்ளேயிருக்கும் கெர்னல் சரிபார்க்க வழியில்லை. ஹோஸ்ட் பூஜ்யம் என்று எழுதினாலும் பூஜ்யம் என்றே படிக்கும். எந்தச் சொல் வெளியிலிருந்து வந்தது, எது உள்ளேயே எழுதப்பட்டு வெளியின் பெயரைச் சூடிக்கொண்டது என்பதைப் பிரிப்பது எப்படி? வேதம் எவராலும் செய்யப்படாதது என்பது வேதாந்திகளும் மீமாம்சகர்களும் தரும் விடை. ஆகமம் இறைவன் அருளியது என்பது சைவரின் விடை. சொல்லின் நம்பகத்தையும் அனுமானத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பது, காட்சி, கருதல் என்ற இரண்டோடு அளவையை நிறுத்திக்கொண்ட மணிமேகலையின் பௌத்தர் விடை. இந்த மூன்றும் நேருக்கு நேர் மோதும் இடத்தில்தான் இறைவனைப் பற்றிய விவாதத்துக்கு உயிர் இருக்கிறது. குடத்தையும் குயவனையும் வைத்து நூற்றாண்டுகளாக நடந்த வழக்கில் செலவான கூர்மையில் பாதி இங்கே வந்திருந்தால், உரை அளவையைப் பற்றி நாம் இன்னும் நிறைய அறிந்திருப்போம்.